கடவுச்சீட்டு கேளாத சாலை

தம்புள்ளைக் குன்றின் அடிவாரத்தில் சற்று நேரம் நின்றால் இரு வகைப் பயணிகளைக் காணலாம். ஒரு சாரார் கற்படிகளில் மெல்ல ஏறிக் குகைக் கோயிலைக் காணச் செல்லும் பிறநாட்டார். மற்றொரு சாரார் குன்றின் கீழே, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், பேருந்தின் சாளரத்தோரம் அமர்ந்து உறங்கியபடியே ஊரைக் கடந்து போகும் நம்மவர். முன்னவர் ஒரு சிறு புத்தகத்தைத் தம் உடைமைகள் யாவற்றினும் பத்திரமாக வைத்திருப்பர். பின்னவருட் பலரிடம் அப்புத்தகம் இராது.

அதனையே கடவுச்சீட்டு என்கிறோம். கடவு என்பது வழி. வழி விடுமாறு பிறரைக் கேட்கும் சீட்டு அது. அதன் ஏடொன்றில் வேற்று நாட்டார் இடும் இசைவு முத்திரைக்கு விசா என்று பெயர். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்குப் 'பார்க்கப்பட்டது' என்பது பொருள். சீட்டைப் பார்த்தோம், இனி இவர் உள்ளே வரலாம் என்று வாயிற்காவலன் கூறும் உறுதிமொழியே விசா. சில நாட்டார் சில வாயில்களில் இவ்வுறுதிமொழியை முன்கூட்டிப் பெறாமலே நுழையலாம். அத்தகைய வாயில்கள் எத்தனை என்று எண்ணி, எந்நாட்டுக் கடவுச்சீட்டு உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று ஆண்டுதோறும் தரவரிசை வெளியிடுவோரும் இக்காலத்தில் உளர்.

இவற்றைப் பற்றி நான் ஆழ்ந்து நினைத்தவனல்லன். நினைக்க வைத்தவள் என் மாணவி ஒருத்தி.

மாணவி கேட்ட கேள்வி

மாத்தளையிலுள்ள எமது பாடசாலையிலிருந்து மாணவர் சிலரைக் கல்விச் சுற்றுலாவாகத் தம்புள்ளைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். குகைகளைப் பார்த்துவிட்டு நிழலில் அமர்ந்திருந்தபோது, பிலிப்பைன்ஸ் நாட்டுக் குடும்பம் ஒன்று எம்மருகே வந்து அமர்ந்தது. அக்குடும்பத்துப் பெண்மணி வளைகுடா நாடொன்றில் தாதியாகப் பணிபுரிபவர். மலையகப் பெண்கள் பலர் அதே நாடுகளில் வீட்டுப்பணி செய்வதை அவர் நன்கு அறிந்திருந்தார். ஆதலால் பேச்சு எளிதாகவே தொடங்கியது.

பல நாடுகளைப் பார்த்திருக்கிறீர்களோ என்று என் மாணவி ஒருத்தி ஆங்கிலத்தில் வினவினாள். அவர் சிரித்துக்கொண்டே விரல்விட்டு எண்ணினார். சிங்கப்பூர், தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா முதலாய அயல்நாடுகளுக்கு அவர்க்கு விசா வேண்டியதில்லை. ஹொங்கொங்கிற்கும் வேண்டியதில்லை. தொலைவிலுள்ள பிரேசிலுக்கும் மொறோக்கோவுக்கும்கூட வேண்டியதில்லை. இலங்கைக்கு வர மட்டும் கணினி வழியே முன்னனுமதி பெற்றாராம். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்வதென்றால் வங்கிக் கணக்கு, வேலைச் சான்று, வீட்டுச் சான்று என்று தாள்களைக் கட்டுக்கட்டாகக் கொடுக்க வேண்டும் என்றும் கூறினார். அதைக் கூறும்போது அவர் முகத்தில் சிரிப்பில்லை.

அவர் போனபின் அம்மாணவி என்னிடம் கேட்டாள்: "சேர், எங்கட பாஸ்போட்டுக்கு எத்தனை நாடு?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சிங்கப்பூர், மாலைதீவு, சீசெல்ஸ் என்று தொடங்கி இன்னும் சிலவற்றைக் கூறினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்தியாவுக்கு?" என்றாள்.

"இந்தியாவுக்கு விசா எடுக்கவேண்டும்."

"பக்கத்து நாடுதானே, சேர்?"

இதற்கு என்ன விடை கூறுவது? பூகோள ஆசிரியன் ஒரு விடை கூறுவான். வரலாற்று ஆசிரியன் வேறொரு விடை கூறுவான். அன்று நான் இரண்டையும் கூறாமல், பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன். அவள் கேட்டது வெறும் ஆவலினால் அன்று என்பதைப் பின்னரே அறிந்தேன். அதனை இறுதியிற் கூறுவேன்.

1882-இல் இரு பயணங்கள்

பிலிப்பைன்ஸ் நாட்டார் தம் தேசத்தின் பெருமகனாகப் போற்றுபவர் ஹோசே ரிசால். மருத்துவர், நாவலாசிரியர், ஸ்பானிய ஆட்சியினரால் 1896-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டவர். அவர் இளைஞராயிருந்தபோது, 1882-ஆம் ஆண்டு மே மாதத்தில், மேற்படிப்புக்காக ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். ஆட்சியாளர் அறியாமற் செல்லவேண்டியிருந்தமையால், ஹோசே மெர்க்காடோ என்ற பெயரில் உறவினர் ஒருவர் பெற்றுத் தந்த கடவுச்சீட்டோடு மணிலாவை விட்டார். சிங்கப்பூரில் பிரெஞ்சுக் கப்பலொன்றில் ஏறிய அவர், வழியில் எமது காலியையும் கொழும்பையும் கண்டார்.

அதே 1882-இல், தம்புள்ளை வழியாக வேறொரு பயணம் நடந்துகொண்டிருந்தது. அதனைச் செய்தவர்க்குக் கடவுச்சீட்டு இல்லை. உண்மைப் பெயரிலும் இல்லை, மாற்றுப் பெயரிலும் இல்லை. அவர்களை எவரும் சீட்டுக் கேட்கவுமில்லை. தென்னிந்தியக் கரையிலிருந்து தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, மடவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை ஆகிய இடங்களைக் கடந்து மாத்தளை வந்து சேர்ந்த தோட்டத் தொழிலாளர் அவர். ரிசாலுக்குத் தாள் இருந்தது. அத்தாளைக் கேட்டு மறிக்கும் அதிகாரி இருந்தார். இவர்களை மறிக்க அதிகாரியில்லை. காடும், தாகமும், கொள்ளைநோயுமே இவர்களை மறித்தன.

கடவுச்சீட்டு ஒரு புதுமை என்று எண்ணுதல் பிழை. கௌடலீயரின் அர்த்தசாஸ்திரம் முத்திராத்தியட்சன் என்னும் அதிகாரியைப் பற்றிக் கூறுகின்றது. நாட்டினுள் வருவோர்க்கும் போவோர்க்கும் கட்டணம் பெற்று முத்திரை வழங்குதல் அவன் கடமை. முத்திரையின்றிச் செல்வோர்க்குத் தண்டமும் உண்டு. எனினும் நம் பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் வேறொரு காட்சியைக் காண்கிறோம். அங்கே ஏற்றுமதியாகவும் இறக்குமதியாகவும் குவியும் பண்டங்களுக்கே புலி முத்திரை இடப்படுகிறது. ஈழத்திலிருந்து வந்த உணவுப்பொருளும் அப்பண்டங்களுள் ஒன்று. அவற்றைச் சுமந்து வந்த மாந்தர்க்கு முத்திரை இட்டதாக அப்பாட்டிற் செய்தியில்லை.

இன்று உலகெங்கும் ஒரே வடிவிற் காணப்படும் கடவுச்சீட்டுப் புத்தகம் முதல் உலகப் போரின் பயன். போர்க்காலத்திற் பிறந்த கட்டுப்பாடு போர் முடிந்தபின்னும் நீங்கவில்லை. 1920-இல் பாரிஸ் நகரிற் கூடிய சர்வதேச சங்கத்தின் மாநாடு அதற்கு ஒரு பொது வடிவத்தையும் வகுத்தது. அதற்கு முன்னர், பல நாடுகளுக்கிடையே சாமானியர் சீட்டின்றியே சென்று வந்தனர்.

தம்புள்ளை வழி நடந்தவர்

மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைக்குச் சற்றேறக்குறைய 150 மைல். அதில் தம்புள்ளை ஏறக்குறைய இறுதிக் கட்டம். அங்கிருந்து மாத்தளைக்கு 28 மைலே எஞ்சியிருக்கும். வறண்ட காட்டைத் தாண்டிய கால்களுக்கு மலைநாட்டின் குளிர்காற்று முதன்முதலிற் படுவது இதற்கு அப்பாலேதான். ஆனால் பலர் இவ்விடம்வரை வந்து சேரவில்லை. வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழிநெடுக உயிர்களைக் கொண்டன. 1840-களில் இறந்தவர் தொகை பற்றி ஆராய்ச்சியாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. பல்லாயிரவர் மாண்டனர் என்பதில் ஐயமில்லை. பிற்காலத்தில் அரசாங்கம் கிணறுகளும் தங்குமடங்களும் மருத்துவச் சாலைகளும் வழியில் அமைத்தது. அதற்குமுன் இச்சாலையின் இருமருங்கும் பெயரெழுதாத புதைகுழிகளாகவே இருந்தன.

அக்காலத் தம்புள்ளைக்கு மற்றொரு நினைவும் உண்டு. 1848-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் இக்குகைக் கோயிலிலேதான் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பெற்றான். ஆங்கிலேயர் விதித்த புதுவரிகளை எதிர்த்து எழுந்த கிளர்ச்சி அது. அவ்வரிகளுள் ஒன்று, ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய், அல்லது 3 சிலிங் கொடு என்ற வீதி வரி. மேலே குன்றில் வீதி வரியை எதிர்த்து ஓர் அரசன் எழுந்தான். கீழே அதே பத்தாண்டில் கோப்பித் தோட்டத்துக்காக ஏழை மக்கள் வீதியில் விழுந்து மடிந்தனர். ஒரே ஊர், ஒரே ஆட்சி, இரண்டு துயரங்கள். இவ்விரண்டையும் ஒரே பாடத்திற் சேர்த்துச் சொல்லும் வழக்கம் நம் வகுப்பறைகளில் இன்னும் வரவில்லை.

ஈண்டு நாம் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. கோப்பிக் காலத்துத் தொழிலாளர் வந்தவர் வந்தபடியே தங்கியவரல்லர். கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வருவர். பருவம் முடிந்ததும் மீண்டும் இதே வழியாகத் தம் ஊருக்குத் திரும்புவர். கடலுக்கு அப்பாலுள்ள வயலும் இப்பாலுள்ள தோட்டமும் அவர்க்கு ஒரே வாழ்க்கையின் இரண்டு பருவங்கள். 1869-இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்குப் பருவமில்லை, ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டும். ஆகவே ஆண்களோடு பெண்களும் பிள்ளைகளும் வந்தனர், லயங்களிற் குடியேறினர். போய்வருவோராயிருந்தவரை இங்கு வாழ்வோராக்கியது எந்தச் சட்டமும் அன்று. ஒரு செடியின் இயல்பே எனலாம்.

தகரமும் துண்டும்

வடக்கு வழி 1899-இல் மூடப்பட்டது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் வழியாகவும், 1914-க்குப் பின் தனுஷ்கோடி–தலைமன்னார் வழியாகவும் மக்கள் வந்தனர். தட்டப்பாறையிலும், பின்னர் மண்டபத்திலும் நோய்த்தடுப்பு முகாம்கள் அமைந்தன. இக்காலத்திலேதான் தொழிலாளியின் உடலோடு ஓர் அடையாளம் சேர்ந்தது.

1901-ஐ ஒட்டி ஏற்பட்ட அவ்வழக்கத்தைத் தகர டிக்கற்று முறை என்பர். தோட்டத்தின் குறியும் ஆளின் இலக்கமும் பொறித்த சிறு தகரவில்லை ஒன்று ஒவ்வொருவர்க்கும் வழங்கப்பட்டது. அதை அணிந்தவர் எத்தோட்டத்துக்கு உரியவர் என்பதை முகாமிலும் ரயில் நிலையத்திலும் உள்ளோர் பார்த்த மாத்திரத்தில் அறிவர். வழிச்செலவு அத்தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். கடவுச்சீட்டின் முதல் ஏட்டில் ஓர் அரசு, 'இவர் எம் குடிமகன், இவரைத் தடையின்றிச் செல்லவிடுக' என்று எழுதும். தகரவில்லையோ, 'இவர் இன்ன தோட்டத்துக்கு அனுப்பப்படவேண்டியவர்' என்று கூறும். பட்டினப்பாலை காலத்தில் பண்டத்துக்கு இட்ட முத்திரையை இருபதாம் நூற்றாண்டிலே மனிதனுக்கு இட்டனர் என்று சொன்னால் மிகையாகுமோ?

தோட்டத்துக்குள் நுழைந்தபின் வேறொரு தாள் காத்திருந்தது. அதன் பெயர் துண்டு. கங்காணியின் கடனும் தொழிலாளரின் கடனும் இவ்வளவு, அதனைத் தீர்த்தால் இவர்களை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. துண்டின்றி ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்குப் போதல் இயலாது. கடல் கடக்க அரசாங்கத்தின் விசா வேண்டியிராத காலத்திலே, கால்வாய் கடந்து அடுத்த மலைக்குப் போகத் துரையின் விசா வேண்டியிருந்தது. 1921-ஆம் ஆண்டுச் சட்டம் அத்துண்டு முறையை ஒழித்தது.

கோடு விழுந்த கதை

1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், ஒருவர் இந்நாட்டுப் பிரசை என்பதற்குத் தந்தை இங்கு பிறந்தவர் என்றோ, பாட்டனும் முப்பாட்டனும் இங்கு பிறந்தவர் என்றோ காட்டவேண்டும் என்றது. தம்புள்ளை வழி நடந்து வந்தவர்க்கு எவரும் தாள் கொடுத்ததில்லை. லயத்திற் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்று எடுத்தவரும் அரியர். தாளே தராத காலத்தின் பிள்ளைகளைப் பார்த்துத் தாள் எங்கே என்று கேட்டது சட்டம்.

அடுத்து வந்த 1949-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்தது. மணமானவர் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இங்கு வசித்தமையைக் காட்டவேண்டும். ஓராண்டுக்கு மேல் ஊர் சென்று தங்கியிருந்தால் வதிவு அறுந்ததாகக் கொள்ளப்படும். தாயின் இறுதிக் காலத்தில் அருகிருந்து பணிவிடை செய்யத் திருச்சிப் பக்கத்துக் கிராமத்துக்குப் போய், நிலத்தகராறினாலோ நோயினாலோ திரும்பத் தாமதமானவர், அப்பயணத்தினாலேயே தம் உரிமையை இழக்கலாம். 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். சுமார் 1,34,000 பேருக்கே உரிமை கிடைத்தது. 1947-இல் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய இலங்கை இந்தியன் காங்கிரசின் வாக்காளர், 1952-இல் வாக்காளர் இடாப்பிலேயே இல்லாமற் போயினர். அவ்வெழுவருள் ஒருவரான ஸி. வி. வேலுப்பிள்ளை பிற்காலத்தில் தாம் எழுதிய நூலுக்கு 'நாடற்றவர் கதை' என்று பெயரிட்டார்.

குடிவருவோர் குடியகல்வோர் சட்டமும் அக்காலத்திலேயே நடைமுறைக்கு வந்தது. பாக்கு நீரிணையில் ஒரு கோடு விழுந்தது. அதற்கு முந்திய தலைமுறைக்குத் தோணி ஒரு வாகனம். கோடு விழுந்தபின் அதே தோணி 'கள்ளத்தோணி' ஆயிற்று. பின்னர் அச்சொல், எந்தத் தோணியிலும் ஏறியறியாத, இங்கேயே பிறந்து வளர்ந்த மலையக மக்கள்மேலும் ஏவப்பட்ட வசைமொழியாயிற்று.

1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியாரும் ஓர் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டனர். நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, அவருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று தீர்மானித்தனர். 1974-இல் அவ்வெஞ்சியோரையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மக்களின் விருப்பம் இக்கணக்கோடு ஒத்துப்போகவில்லை. 1968 முதல் 1970 வரை விண்ணப்பங்கள் கோரப்பட்டபோது, இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர் 4 இலட்சத்தைச் சற்றே தாண்டினர். இலங்கையையே கோரியவர் 6 இலட்சத்துக்கும் மேற்பட்டனர்.

அவ்விதம் பலர் தம் வாழ்நாளில் முதன்முறையாகக் கடவுச்சீட்டைக் கையிற் பெற்றனர். ஏனையோர்க்கு உலகைக் காணத் திறக்கும் புத்தகம் அது. இவர்க்கோ பிறந்த மண்ணை விட்டுப் போகச் சொல்லும் புத்தகம். தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து, நீலகிரித் தேயிலைக் காடுகளுக்கும் வேறு இடங்களுக்கும் சென்றனர். அண்ணன் ஒரு நாட்டிலும் தங்கை ஒரு நாட்டிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. 1984-இல் கப்பலும் நின்றது. நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டங்கள் 1986-இலும் 1988-இலும், இறுதியாக 2003-இலும் நிறைவேறின. உரிமை வந்து சேர்ந்தது, பிரிந்தவர் சேரவில்லை.

தென்கிழக்கில் ஒரு வழி

இனி அப்பிலிப்பைன்ஸ் பெண்மணி விரல்விட்டு எண்ணியதற்கு மீளுவோம். அவர் அண்டை நாடுகளுக்கு விசாவின்றிச் செல்வது தற்செயலாக நேர்ந்ததன்று. தென்கிழக்காசிய நாடுகளின் சங்கமான ஆசியான், 2006-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் கோலாலம்பூரில் ஓர் உடன்படிக்கை செய்தது. ஓர் உறுப்பு நாட்டின் பிரசை மற்றோர் உறுப்பு நாட்டுக்கு விசாவின்றிச் சென்று 14 நாள் வரை தங்கலாம் என்பது அதன் அடிப்படை. பார்வையிட வரலாம், பணிபுரிதல் கூடாது. அதற்கு மேலும் நாட்களை நீட்டிக் கொடுத்த நாடுகள் பல. அந்நாடுகளுக்குள் பகையில்லையோ? உண்டு. எல்லைத் தகராறு இல்லையோ? அதுவும் உண்டு. செல்வ நாடும் வறிய நாடும் அருகருகே இருக்கின்றன. ஆயினும் மணிலாவிலுள்ள ஒரு தட்டச்சுக்காரரும் ஒரு சமையற்காரரும் அமைச்சரைப் போலவே அண்டை நாட்டுக்குப் போகலாம் என்ற நிலை ஏற்பட்டது.

நம் தென்னாசியாவிலும் இத்தகைய ஒன்று உண்டு. சார்க் அமைப்பின் விசா விலக்குத் திட்டம் 1992-இல் தொடங்கியது. அதில் 24 வகையினர் குறிக்கப்பட்டுள்ளனர். பிரமுகர், உயர்நீதிமன்ற நீதிபதிகள், பாராளுமன்ற உறுப்பினர், உயர் அதிகாரிகள், வணிகர், பத்திரிகையாளர், விளையாட்டு வீரர் என்று அப்பட்டியல் செல்கின்றது. அதில் அக்காளைப் பார்க்கப் போகும் தம்பிக்கு இடமில்லை.

எல்லைக் காவல் வீண் என்று நான் கூறவரவில்லை. கள்ளக் கடத்தலும் குற்றமும் கடல்வழி நடப்பதை எவரும் மறுக்க முடியாது. ஒரு நாடு தன் வாயிலிற் காவலன் வைப்பது இயல்பே. காவலன் யாரை மறிப்பது, யாரை விடுவது என்பதே வினா. நாடுகளுக்கு அவ்வப்போது வாயிலை அகலத் திறக்கவும் தெரியும். 2023-இன் இறுதியில் இலங்கை அரசு இந்தியா உட்பட ஏழு நாட்டுப் பயணிகளுக்கு, 2024 மார்ச் 31 வரை, கட்டணமின்றி விசா வழங்க முடிவு செய்தது. உல்லாசப் பயணியின் பணப்பையை எதிர்பார்த்துச் செய்த காரியம் அது, அதிற் குற்றமில்லை. பணப்பைக்காகத் திறக்கக்கூடிய கதவு இரத்தபந்தத்துக்காகவும் திறக்கக்கூடும் என்பதே என் விண்ணப்பம்.

தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குச் சென்றவர், இப்பக்கத்து வயல்களில் விளைந்த பெரிய வெங்காயத்தோடு இந்தியாவிலிருந்து இறக்குமதியான வெங்காயமும் மூட்டை மூட்டையாகக் கிடப்பதைக் காண்பர். வரி செலுத்தி, சோதனைக்குட்பட்டு, சில நாளில் அது இங்கு வந்து சேர்ந்துவிடுகிறது. அவ்வெங்காயத்தைப் பார்க்குந்தோறும் எனக்கு இப்போதெல்லாம் வேறொரு நினைவு வருகின்றது.

யாழ்ப்பாணப் பேருந்து

சுற்றுலா சென்று சில வாரங்களுக்குப் பின் ஓர் அலுவலாகத் தம்புள்ளைக்குப் போயிருந்தேன். பேருந்து நிலையத்தில் ஒரு முதியவர் என்னைக் கண்டு எழுந்து நின்றார். என்னிடம் அக்கேள்வியைக் கேட்ட மாணவியின் பாட்டனார் அவர். மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை செய்து ஓய்ந்தவர். வயது எழுபது இருக்கும். வெள்ளை வேட்டியும் சட்டையும் அணிந்து, மடியில் ஒரு துணிப்பையை இறுகப் பிடித்திருந்தார்.

"எங்கே ஐயா பயணம்?" என்றேன்.

"காங்கேசன்துறைக்குங்க மாஸ்டர். அங்கயிருந்து கப்பல்ல நாகபட்டினம். அக்காவைப் பார்க்கப் போறேன்."

நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் ஒரு பயணிகள் கப்பல் தொடங்கி நின்றது. 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. காலநிலையால் அவ்வப்போது தடைப்பட்டும் தொடர்ந்தும் வருகிறது. அதிற் செல்லவே அவர் புறப்பட்டிருந்தார். அவருடைய தமக்கையார் 1973-இல், கணவர் வீட்டார் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தமையால், அவர்களோடு கப்பலேறினார். தந்தையார் இலங்கைக்கு எழுதிக் கொடுத்திருந்தமையால் இவர் இங்கே நின்றுவிட்டார். தாயும் தந்தையும் இறந்தபோது அக்காள் வரவில்லை. வர வழியில்லை. அக்காளின் கணவர் இறந்தபோது இவர் போகவில்லை. போகப் பணமில்லை.

"இப்ப போன்ல தினமும் மொகத்தைப் பார்க்கிறோம் மாஸ்டர். ஆனா கையைப் புடிச்சுப் பேசணும்ல" என்றார்.

பையைத் திறந்து கடவுச்சீட்டைக் காட்டினார். எழுபது வயதில் எடுத்த முதற் கடவுச்சீட்டு. "போட்டோவுல நல்லா விழல்லங்க" என்று நாணத்தோடு சிரித்தார். விசாவுக்கு விண்ணப்பிக்கப் பேத்திதான் கணினியில் உதவினாளாம். படிவத்தில் ஒரு கேள்வி அவளைத் திகைக்க வைத்ததாம். பாட்டனின் பெற்றோர் எங்கே பிறந்தவர் என்று அது கேட்டதாம். "எங்கப்பா இங்கனதான் பொறந்தாரு. தாத்தா அங்கன. அவரு இந்த ரோட்டாலதான் நடந்து வந்தாராம். அதையெல்லாம் எழுத எடமில்லைன்னு புள்ள சொல்லிச்சு."

பையினுள் மாத்தளை மிளகு ஒரு பொட்டலம், தேயிலை இரண்டு பொட்டலம், மாத்தளை முத்துமாரியம்மன் கோயிற் குங்குமம் ஒரு சிறு சம்புடத்தில். வடக்கு வழியால் வந்தவர் வணங்கிப் புகழ்பெற்ற அம்மன் அவள். அக்குங்குமம் இப்போது அவ்வழியே திரும்பிப் போகின்றது.

2023-இல், மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டு நிறைவதை நினைவுகூர்ந்து, ஜூலை 28-இல் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு ஆகஸ்ட் 12-இல் மாத்தளை வரை பலர் நடந்தனர். முன்னோர் நடந்த வழியை நினைவுகூரும் அந்த நடை நல்ல காரியம். அதன் தொடர்ச்சியாக நாம் கேட்கவேண்டிய ஒன்றுண்டு என்று எனக்குத் தோன்றுகின்றது. சார்க் திட்டத்தின் 24 வகையோடு இருபத்தைந்தாவதாக ஒன்று சேர்த்தல் பெரிய காரியமன்று. அவ்வமைப்பு அசையாதெனில் இரு அரசுகளும் தமக்குள் உடன்படலாம். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தாலும் 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தாலும் பிரிந்த குடும்பத்தார், முதியவராயின், ஆண்டுக்கு ஒருமுறை, 14 நாளோ 30 நாளோ, விசாவும் கட்டணமும் இன்றிப் போய்வரலாம் என்பதே அது. யார் அக்குடும்பத்தார் என்பதற்குச் சான்று தேடி அலையவேண்டியதில்லை. ஒவ்வொருவரையும் எண்ணி, பெயரெழுதி, படமெடுத்து அனுப்பியவர்கள் அரசாங்கத்தாரே. பிரிப்பதற்காக எழுதிய அப்பதிவேடுகள் ஒருமுறையாவது சேர்ப்பதற்குப் பயன்படட்டும்.

காலம் அதிகமில்லை. 1973-இல் கப்பலேறிய இளம்பெண் இன்று எண்பதை நெருங்குகிறாள். இவ்வொப்பந்தம் இன்னும் இருபது ஆண்டு கழித்து வருமாயின், அதனாற் பயன்பெற எவரும் இரார்.

யாழ்ப்பாணப் பேருந்து வந்து நின்றது. முதியவரைப் படியில் ஏற்றிவிட்டேன். நடத்துநர் பையை மேலே வைக்கச் சொன்னார். அவர் மறுத்து மடியிலேயே வைத்துக்கொண்டார். வண்டி மிகிந்தலைப் பக்கம் திரும்பி மறைந்தது.

மறுநாள் வகுப்பில் அம்மாணவியைக் கண்டேன். அன்று பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று சொல்லித் தப்பிய விடையை, உலகப் படத்தை விரித்து, மன்னாரிலிருந்து தொடங்கிச் சொல்லிக் கொடுத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "தாத்தா கப்பல் ஏறிட்டாராம், சேர். போன் வந்திச்சு."